தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் நம்மைப் பற்றி என்ன எழுதினார்கள்?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் எத்தனையோ விவரங்கள் இருக்கின்றன. விளக்கெரிக்க யார் எத்தனை ஆடு கொடுத்தார்கள், எந்த ஊரிலிருந்து எத்தனை கலம் நெல் வர வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் கூட, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. ஆனால் அந்த 400 பேரும் காலையில் என்ன சாப்பிட்டார்கள்? தண்ணீர் எப்படிக் குடித்தார்கள்? கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நின்றால் என்ன செய்தார்கள்? இதற்குக் கல்வெட்டில் பதில் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

காரணம் எளிமையானது. எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் எழுதி வைப்பதில்லை. நாம் தினமும் பல் துலக்குகிறோம். அதை யாராவது டைரியில் எழுதுகிறோமா? வெளியூரிலிருந்து வந்தவனுக்குத்தான் அது விசித்திரமாகத் தெரியும். அதனால் அவன் எழுதி வைப்பான். அதனால்தான் ஒரு நாட்டின் அன்றாட வாழ்க்கையைத் தெரிந்து கொள்ள வரலாற்று மாணவர்கள் வெளிநாட்டுப் பயணிகளின் குறிப்புகளைத் தேடிப் போகிறார்கள்.

ஆனால் அந்தக் குறிப்புகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு நம் காவிரிக் கரையையும் சோழமண்டலக் கடற்கரையையும் பார்த்துவிட்டுப் போன மூன்று பேரை எடுத்துக் கொள்வோம். ஒருவர் இத்தாலிக்காரர், ஒருவர் ஐஸ்லாந்துக்காரர், ஒருவர் ஜெர்மானியர்.

தையற்காரன் இல்லாத நாடு

முதலாமவர் நமக்கெல்லாம் தெரிந்த மார்க்கோ போலோ. சீனாவிலிருந்து கடல் வழியாகத் திரும்பும்போது, 1292-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நம் கரைப்பக்கம் வந்தார். அப்போது இங்கே பாண்டியர் ஆட்சி. இந்தக் கரையை அரபு வணிகர்கள் 'மாபார்' என்று அழைத்தார்கள். அவரும் அதே பெயரைத்தான் எழுதுகிறார்.

அவர் கண்ணில் முதலில் பட்டது நம் உடை. மாபாரில் சட்டை தைக்கத் தையற்காரனே கிடையாது, ஏனென்றால் யாரும் சட்டை போடுவதில்லை என்கிறார்! அரசனும் இடுப்பில் ஒரு துணிதான் கட்டியிருக்கிறான். ஆனால் கழுத்திலும் கையிலும் காலிலும் அவன் போட்டிருக்கும் முத்தும் ரத்தினமும் ஒரு நகரத்தையே விலைக்கு வாங்கும் என்கிற பாணியில் வர்ணிக்கிறார்.

அடுத்தது சுத்தம். இந்த மக்கள் தினமும் இரண்டு வேளை குளிக்கிறார்கள். சாப்பிட வலது கையை மட்டுமே பயன்படுத்துகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கும்போது பாத்திரம் உதட்டில் படுவதில்லை, உயரத் தூக்கி வாயில் ஊற்றிக் கொள்கிறார்கள். சொந்தப் பாத்திரம் இல்லாத அந்நியன் வந்தால் அவன் இரண்டு கைகளிலும் ஊற்றுகிறார்கள். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. 700 வருஷம் கழித்து இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொம்பை எச்சில் பண்ணினால் திட்டு விழுகிறது. அண்ணாந்து குடிப்பதில் என்ன அதிசயம் இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். வெனிஸ்காரருக்கு அது பக்கம் பக்கமாக எழுத வேண்டிய அதிசயம்.

இன்னொரு செய்தி இன்னும் சுவையானது. கடன் வாங்கியவன் திருப்பித் தராமல் இழுத்தடித்தால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டு விடுவானாம். கடனைத் தீர்க்காமலோ ஜாமீன் கொடுக்காமலோ வட்டத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தண்டனை. ஒருமுறை அரசனையே ஒரு வணிகன் இப்படி வட்டம் போட்டு நிறுத்தி விட்டான், அரசனும் பணம் வரும் வரை அசையாமல் நின்றான் என்கிறார்.

இதெல்லாம் நல்ல கவனிப்புதான். ஆனால் ஒரு குறை இருக்கிறது. மார்க்கோ போலோ எழுதுவதெல்லாம் கண்ணால் பார்த்ததும் வணிகர்கள் வாயால் கேட்டதும்தான். 'ஏன்' என்ற கேள்விக்கு அவரிடம் பதில் மிக அபூர்வம். அப்படிப் பதில் கிடைத்த ஓர் இடம் அழகாக இருக்கிறது. அரசர் முதல் எல்லோரும் ஏன் தரையில் உட்காருகிறீர்கள் என்று கேட்டதற்கு, மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே போகப் போகிறோம், மண்ணில் உட்காருவதில் என்ன குறைவு என்று சொன்னார்களாம். இப்படி அவர் இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாமே என்று ஏங்க வைக்கிறது.

பனி நாட்டிலிருந்து ஒரு பீரங்கிக்காரர்

இப்போது 300 வருஷம் தாண்டுவோம். தஞ்சையிலிருந்து கிழக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் கடலோரத்தில் இருக்கிறது தரங்கம்பாடி. பழைய தஞ்சை மாவட்டம், இன்றைய மயிலாடுதுறை மாவட்டம். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டிய மாசிலாமணிநாதர் கோயில் அங்கே உண்டு. அதன் பெரும்பகுதியைக் கடல் விழுங்கி விட்டது.

1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. டென்மார்க் சார்பில் வந்தவர் ஓவ கெத்த என்ற இளம் தளபதி. மிளகு வியாபாரத்துக்காகத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக் கொள்ள நாயக்கர் அனுமதி கொடுத்தார். அப்படிக் கட்டியதுதான் டேன்ஸ்பர்க் கோட்டை. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அந்தக் கோட்டையில் காவல் பார்க்க வந்தவர்களில் ஒருவர் யோன் ஓலாஃப்சன். ஐஸ்லாந்தின் மேற்குக் கோடியில் 1593-ல் பிறந்தவர். 1615-ல் ஓர் ஆங்கிலக் கப்பலில் ஏறி ஊரை விட்டுக் கிளம்பினார். கோபன்ஹேகனுக்குப் போய் டென்மார்க் அரசரின் படையில் பீரங்கிக்காரராகச் சேர்ந்தார். 1622-ல் கப்பலேறி 1623-ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். நெல்லே விளையாத, பனியும் மீனும் மட்டுமே தெரிந்த ஒரு தீவின் பிள்ளை, திரும்பிய பக்கமெல்லாம் வயலாக இருக்கும் காவிரிப் படுகைக்கு வந்து நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்!

இங்கே சுமார் ஒரு வருடம்தான் இருந்தார். 1624-ல் வெடிமருந்து விபத்தில் பலத்த காயம் அடைந்தார். ஊர் திரும்பும் வழியில் அயர்லாந்தில் தங்க நேர்ந்தது. ஒருவழியாக 1626-ல் ஐஸ்லாந்து போய்ச் சேர்ந்தார். அதற்கும் 35 வருஷம் கழித்து, 1661-ல், கிழவராக உட்கார்ந்து தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். அவர் ஊரில் அவரை 'இந்தியாவுக்குப் போனவர்' என்ற பட்டப்பெயராலேயே அழைத்தார்கள். அந்தப் புத்தகம் ஐஸ்லாந்து இலக்கியத்தில் பெயர் பெற்றது. பிற்பாடு ஆங்கிலத்திலும் வந்து விட்டது.

அதில் தரங்கம்பாடியும் கோட்டையும் வருகின்றன. கோயில் ஊர்வலமும் அதில் ஆடிய பெண்களும் வருகிறார்கள். ஆனால் அவர் உலகம் கோட்டைச் சுவருக்குள் இருக்கும் ஒரு சிப்பாயின் உலகம். ஊர்வலம் சுவருக்கு வெளியே போகிறது, அவர் சுவரில் நின்று பார்க்கிறார். ஓராண்டுப் பணியில் ஒரு சிப்பாய்க்குத் தமிழ் எந்த அளவு வரும்? சந்தையில் விலை கேட்கும் அளவுக்கு வரலாம். மார்க்கோ போலோ மாதிரியே இவருக்கும் கண் இருந்தது, காது இல்லை.

மணலில் எழுதிப் படித்தவர்

மூன்றாமவர்தான் இந்தக் கட்டுரையின் கதாநாயகர். பார்த்தலோமேயு சீகன்பால்கு. பாடப்புத்தகத்தில் 'தரங்கம்பாடியில் அச்சகம் நிறுவினார்' என்று ஒரு வரியில் முடித்து விடுவார்கள். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் அவர் செய்த வேறொரு வேலை எனக்கு அச்சகத்தை விடப் பெரிதாகத் தெரிகிறது.

ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியின் புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊரில் 1682 ஜூலை 10 அன்று பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பிய சமய ஊழியராக, ஹென்ரிக் புளூட்ச்சோ என்பவருடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்து இறங்கினார். அடுத்த நாள் அவருக்கு 24 வயது நிறைந்தது. கிட்டத்தட்ட நம் கல்லூரி சீனியர்கள் வயது!

அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் கற்க ஐரோப்பியர்களுக்கான நல்ல புத்தகமும் கையில் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைத்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ, ஆ' எழுதிப் படித்தார். 24 வயது ஆள், இறையியல் படித்தவர், ஆறு வயதுப் பையன்கள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மணல் தடவுகிறார்! முந்தைய இருவருக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு காட்சியிலேயே தெரிந்து விடுகிறது.

இரண்டு வருஷத்தில் அவருடைய தினசரி வேலை என்ன தெரியுமா? காலையில் படித்த சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. பிறகு மதியம் வரை ஒரு தமிழ்ப் புலவரையும் ஓர் எழுத்தரையும் பக்கத்தில் வைத்துக் கொண்டு ஓலைச்சுவடி படிப்பது. சாயங்காலமும் படிப்பு. இரவில் கண் வலித்தால், ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது. சுமார் 20,000 சொற்கள் கொண்ட அகராதி ஒன்றைத் தொகுத்து விட்டதாகக் கடிதத்தில் எழுதுகிறார். நாம் அரியர் பேப்பருக்கு இவ்வளவு படித்திருந்தால் எங்கேயோ போயிருப்போம்...

ஓலைகளைத் தேடித் தன் எழுத்தர்களை உள்ளூர்களுக்கு அனுப்பினார். பிராமணக் கைம்பெண்களிடம் இருந்த ஓலைகளை அவர்கள் குறைந்த விலைக்கு வாங்கி வந்தார்கள். இப்படிச் சேர்த்த நூறுக்கும் மேற்பட்ட நூல்களுக்கு 1708-ல் ஒரு பட்டியல் தயாரித்தார். திருக்குறள் அதில் இருக்கிறது. சிவவாக்கியர் பாடல்கள் இருக்கின்றன. பெயரை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு நூலைப் பற்றியும் தன் கருத்தையும் எழுதியிருக்கிறார். அதே வருஷம் உலக நீதி, கொன்றை வேந்தன், நீதி வெண்பா மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

அவர் மாறிய இடம்

ஐரோப்பாவில் நம்மைப் பற்றி அப்போது இருந்த எண்ணம் என்ன? இவர்கள் நாகரிகம் இல்லாத காட்டு மக்கள், இவர்களுக்கு ஒழுங்கான மொழியோ சட்டமோ கல்வியோ கிடையாது என்பதுதான். தானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்ததாக சீகன்பால்கு ஒளிக்காமல் எழுதுகிறார். மொழி தெரியாமல் வெளித் தோற்றத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதால் வந்த தவறு அது என்கிறார். தமிழ் நூல்களைப் படிக்கத் தொடங்கிய பிறகு, ஐரோப்பிய அறிஞர்கள் விவாதிக்கும் துறைகளெல்லாம் இங்கேயும் முறையாகப் பேசப்பட்டிருப்பதைக் கண்டார். பல கிறிஸ்தவர்களை விட ஒழுக்கமாக வாழும் ஆட்களை இந்த ஊரில் பார்த்ததாகவும் எழுதினார்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. அவர் சுற்றுலாப் பயணி அல்ல, ஆராய்ச்சியாளரும் அல்ல. மதம் மாற்ற வந்தவர். நம் சமயம் தவறு என்ற கருத்தைக் கடைசி வரை அவர் மாற்றிக் கொள்ளவில்லை. நம் நூல்களைப் படித்ததன் முதல் நோக்கமும் வாதம் செய்வதற்குத்தான். ஆனால் வாதம் செய்வதற்காகவாவது எதிராளி என்ன சொல்கிறான் என்று முழுதாகக் கேட்டார். அந்தக் காலத்தில் அதுவே அபூர்வம்.

அவருக்கு வந்த சண்டையும் நம்மவர்களோடு மட்டும் அல்ல. ஒரு விதவையின் வழக்கில் தலையிட்டதால் 1708 நவம்பரில் டேனிஷ் கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவரைப் பிடித்து அடைத்தார். நாலு மாதம் டேன்ஸ்பர்க் சிறையில் இருந்தார். தமிழனோடு தரையில் உட்காருகிற வெள்ளைக்காரரைக் கோட்டைக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை!

1711-ல் நம் சமயம் பற்றி ஒரு பெரிய நூலை எழுதினார். 1713-ல் 'மலபார் தெய்வங்களின் வம்சாவளி' என்ற நூலை முடித்தார். (மலபார் என்றதும் கேரளம் என்று குழம்ப வேண்டாம். அன்றைக்கு ஐரோப்பியர் தமிழையும் தமிழரையும் 'மலபார்' என்றுதான் அழைத்தார்கள்.) இந்த இரண்டாவது நூலில் எனக்கு முக்கியமாகப் பட்டது, சிவன், விஷ்ணு மட்டுமல்லாமல் அய்யனார், மாரியம்மன், எல்லையம்மன், அங்காளம்மன், பிடாரி என்று கிராம தெய்வங்களுக்கும் தனி இடம் கொடுத்திருப்பதுதான். வயல் வரப்பு முடியும் இடத்தில் மண் குதிரையோடு நிற்கும் அய்யனாருக்குப் படித்த பண்டிதர்கள் அவ்வளவாக ஏடு செலவழிக்கவில்லை. 300 வருஷத்துக்கு முன் வெளியூர்க்காரர் ஒருவர் செலவழித்திருக்கிறார்.

இந்த நூல்களுக்கு நேர்ந்த கதி என்ன? ஹாலே நகரத்தில் அவரை ஆதரித்த ஃபிராங்கே, உங்களை அனுப்பியது அங்கே இருக்கும் சமயத்தை ஒழிக்கத்தானே தவிர அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற கருத்தில் இருந்தார். கையெழுத்துப் பிரதிகள் தூங்கின. வம்சாவளி நூல் 1867-ல்தான் சென்னையில் அச்சானது. 1711-ல் எழுதியது 1926-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. நீதி நூல்களின் ஜெர்மன் பெயர்ப்பு 1930-ல் வந்தது. அதாவது 200 வருஷத்துக்கு மேல் பெட்டிக்குள்!

ஊரே எழுதிய கடிதங்கள்

இனிமேல்தான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம்.

தரங்கம்பாடியும் அதைச் சுற்றிய சில கிராமங்களும்தான் டேனிஷ்காரர்கள் கையில் இருந்தன. அதற்கு வெளியே தஞ்சை மராட்டிய அரசரின் நாடு. முதலில் ஷாஹுஜி, 1712 முதல் முதலாம் சரபோஜி. அந்த நாட்டுக்குள் ஐரோப்பியர் இஷ்டம் போல் நடமாட முடியாது. ஆக சீகன்பால்குவால் காவிரிக் கரை ஊர்களுக்குச் சுதந்திரமாகப் போய் வர முடியவில்லை.

தான் போக முடியாத நாட்டைத் தனக்குக் கடிதம் எழுத வைத்தார்! அவரும் உடன் ஊழியர் கிரண்ட்லரும் 1712 முதல் 1714 வரை, படித்த தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பினார்கள். கேள்விகள் கடவுளைப் பற்றி மட்டும் அல்ல. பள்ளிக்கூடம், கல்யாணம், வைத்தியம், சோதிடம், சாதிகள், அரசு, மறுபிறவி, அன்றாடப் பழக்கங்கள் என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். தமிழர்கள் ஓலையில் பதில் எழுதி அனுப்பினார்கள். இருவரும் அவற்றை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேவுக்கு அனுப்பினார்கள். மொத்தம் 99 கடிதங்கள். 1714-ல் 55-ம், 1717-ல் 44-ம் அச்சாயின. ஒரு பகுதி 1717-லேயே லண்டனில் ஆங்கிலத்தில் வந்து விட்டது.

மார்க்கோ போலோவிடம் நாம் ஏங்கிய 'ஏன்' இங்கே கிடைக்கிறது. இதுவரை வெள்ளைக்காரர் நம்மைப் பார்த்து எழுதினார். இங்கே நம்மவரே தன்னைப் பற்றித் தன் வாயால் சொல்கிறார்.

அதோடு நிற்கவில்லை. எங்களைப் பற்றி, எங்கள் சமயத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள். கேட்டால் சும்மா இருப்பார்களா? வெளுத்து வாங்கி விட்டார்கள்! உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் நடத்தை அப்படி இல்லையே என்கிறார்கள். பசுவைக் கொன்று தின்கிறீர்கள். குடித்து விட்டு ஆடுகிறீர்கள். குளிப்பதில்லை, சுத்தம் பார்ப்பதில்லை. இப்படி இருந்து கொண்டு எங்களைத் திருத்த வந்திருக்கிறீர்களே என்ற தொனி. இன்னும் சிலர் நிதானமாக, ஒவ்வொரு மக்களுக்கும் கடவுள் ஒவ்வொரு வழி கொடுத்திருக்கிறார், அவரவர் வழியில் ஒழுங்காக நடந்தால் போதும் என்று சொல்லி முடிக்கிறார்கள்.

மார்க்கோ போலோ நம் இரண்டு வேளைக் குளியலை அதிசயமாக எழுதினார். 400 வருஷம் கழித்து, நம்மவர் அவர்களுடைய குளிக்காத பழக்கத்தை அதிசயமாக எழுதுகிறார். பார்வையாளர் மாறினால் விசித்திரமும் இடம் மாறி விடுகிறது, பாருங்கள்.

இந்தத் திட்டுக்களையெல்லாம் சீகன்பால்குவும் கிரண்ட்லரும் மறைக்காமல் பெயர்த்து அனுப்பினார்கள், அதை ஐரோப்பியர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கிரண்ட்லர் 1711-லேயே தமிழ் வைத்தியம் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதியவர்.

1714-ல் சீகன்பால்கு ஐரோப்பா போனபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் அழைத்துப் போனார். ஹாலேவில் 1716-ல் அச்சான தமிழ் இலக்கண நூலுக்கு மலையப்பனின் உதவி பெரியது. இதற்குள் இங்கே அச்சகமும் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. தமிழ் அச்சு அதற்கு முன்பே, 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' மூலம் தொடங்கி விட்டது உண்மைதான். ஆனால் ஹாலேவிலிருந்து எழுத்து வந்து, அது பெரிதாக இருக்கிறதென்று இங்கேயே சின்ன எழுத்து வார்த்து, பொறையாரில் காகிதப் பட்டறையும் போட்டது தரங்கம்பாடிக் கதை. 1719 பிப்ரவரி 23 அன்று 36 வயதில் சீகன்பால்கு இறந்தார். முந்தைய வருஷம் தான் கட்டி முடித்த புதிய எருசலேம் தேவாலயத்திலேயே புதைக்கப்பட்டார்.

இரண்டு வருத்தங்கள்

இவ்வளவு நல்ல விஷயத்தில் எனக்கு இரண்டு வருத்தங்கள் உண்டு.

முதல் வருத்தம், அந்த 99 கடிதங்களின் தமிழ் மூலம் இன்று இல்லை. ஜெர்மன் பெயர்ப்பு மட்டும்தான் இருக்கிறது. எழுதியவர்களின் பெயர்களையும் வெளியிடவில்லை. அழகப்பன் என்ற துபாஷி, முன்பு டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்து பிறகு ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர், பல கடிதங்களை எழுதியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் முன்னோர் தம் அன்றாட வாழ்க்கையைப் பற்றித் தமிழில், எழுத்தாணியால், தம் சொந்த வார்த்தையில் எழுதியது ஜெர்மன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்துதான் நம்மிடம் திரும்பி வருகிறது. அவர் 'ஐயா' என்று தொடங்கினாரா, 'துரையவர்களுக்கு' என்று தொடங்கினாரா? அது கூட நமக்குக் கேட்காது.

இரண்டாவது வருத்தம் இன்னும் பெரியது. பதில் எழுதியவர்கள் யார்? எழுத்தாணி பிடிக்கத் தெரிந்தவர்கள். அதாவது திண்ணைப் பள்ளிக்குப் போக முடிந்த சாதிகளின் ஆண்கள். காவிரிப் படுகையில் நாற்றங்காலில் இறங்கி, நடவு நட்டு, களை பறித்து, களத்துமேட்டில் கதிரடித்து நெல்லைப் பத்தாயம் வரை கொண்டு சேர்த்தவர்கள் இந்தக் கடிதங்களை எழுதவில்லை. எழுதக் கற்க அவர்களை யாரும் விடவில்லை. பெண்களும் எழுதவில்லை. தாசிகளைத் தவிர மற்றப் பெண்களில் பெரும்பாலோருக்கு அன்றைக்கு எழுத்து கிடையாது. எத்தனையோ பயணிகள் தஞ்சை வயல்களின் பச்சையைப் புகழ்ந்து விட்டுப் போனார்கள். அந்தப் பச்சைக்குள் குனிந்து நின்றவளைக் கேள்வி கேட்டவர் குறைவு.

அது பழைய கதை என்று தள்ளி விடவும் முடியாது. தஞ்சையில் பண்ணையாள் முறையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்ததே 1952-ல்தான். அதற்குப் பிறகும், அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். தரங்கம்பாடியிலிருந்து அது வெகுதூரம் இல்லை. 1712-ல் யாரிடம் கேள்வி போகவில்லையோ, அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகள்தான் அந்தக் குடிசைக்குள் இருந்தவர்கள். ஒரு சமூகத்தின் வரலாற்றில் யார் குரல் பதிவாகிறது, யார் குரல் விடுபடுகிறது என்பது வெறும் ஏட்டுப் பிரச்சினை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கடைசியாக...

மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. மார்க்கோ போலோ நம்மைப் பார்த்தார். ஓலாஃப்சன் கோட்டைச் சுவரிலிருந்து பார்த்தார். சீகன்பால்கு மொழியைப் படித்து விட்டுக் கேட்டார். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் இடையே இருக்கும் தூரம்தான், ஒரு பயணக் குறிப்பை நம்பலாமா கூடாதா என்பதற்கான அளவுகோல். ஆனால் கேட்டவரும் எல்லோரிடமும் கேட்கவில்லை. அதனால் இனிமேல் எந்தப் பயணக் குறிப்பைப் படித்தாலும் இரண்டு கேள்விகளை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். எழுதியவருக்கு அந்த ஊர் மொழி தெரியுமா? அவர் யாரிடம் கேட்டு எழுதினார்?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தரங்கம்பாடியையும் புரட்டிப் போட்டது. டேன்ஸ்பர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைக்கு முன்னால் போட்டோ எடுத்துக் கொண்டு, இரண்டு மணி நேரத்தில் பஸ் ஏறி விடுகிறார்கள். தவறில்லை. ஆனால் முடிந்தால் ஊருக்குள்ளும் கொஞ்சம் நடந்து, வலை பின்னிக் கொண்டிருக்கும் மீனவர் யாரிடமாவது நாலு வார்த்தை பேசி விட்டு வாருங்கள். அப்படியே திருவாரூர்ப் பக்கமோ மன்னார்குடிப் பக்கமோ, 60, 70 வருஷம் முன்பு நடவு நட்ட ஒரு பாட்டி இன்னும் இருந்தால், என்ன கூலி வாங்கினீர்கள், மதியம் என்ன சாப்பிட்டீர்கள், குழந்தையை எந்த வரப்பில் கிடத்தினீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

அந்தப் பாட்டியிடம் கேட்க நமக்கு மணலில் எழுதிப் பழக வேண்டியதில்லை. மொழி ஏற்கெனவே தெரியும். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.